ஒதுக்கிய படங்களிலிருந்து தொடங்குங்கள்

தாம் எடுத்த ஒளிப்படங்களில் தமக்கென்று ஒரு கதை இருக்கிறதா என்று அறிய விரும்புபவர்கள், பாராட்டுப் பெற்ற பத்துப் பதினைந்து படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அவற்றுக்குள் தேடத் தொடங்குவது வழக்கம். அங்கே பெரும்பாலும் பிறருடைய ரசனைதான் அகப்படும். ஆகவே, வேண்டாமென்று ஒதுக்கிய படங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டே இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், ஒரே இடத்துக்குப் பலமுறை சென்று எடுத்த தொகுதி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். என்னிடம் இருந்தவை, நான்கு ஆண்டுகளாகப் பங்குனி தோறும் தூத்துக்குடி உப்பளங்களில் எடுத்த படங்கள். அவற்றில் இருநூறை மேக்ஸி அளவில், அதாவது 6க்கு 4 அங்குலத்தில், ஸ்டூடியோவில் அச்சிட்டு வாங்கி, கூடத்தில் பாய் விரித்துப் பரப்பினேன். இந்த அளவுக்கு 1800க்கு 1200 பிக்சல் இருந்தாலே போதும் என்பதால் கைபேசிப் படங்களும் நன்றாகவே வரும். 1955 முதல் 1957 வரை அமெரிக்கா முழுவதும் சுற்றிய ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க், எடுத்த 27,000க்கும் மேற்பட்ட படங்களிலிருந்து சுமார் ஆயிரத்தை அச்சிட்டுச் சுவரிலும் தரையிலும் பரப்பிப் பார்த்த பிறகே, தம் நூலுக்கான 83 படங்களை முடிவு செய்தார். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பவருக்கு, முந்தைய படம் மறைந்த பிறகே அடுத்தது தெரிகிறது. திரும்பத் திரும்ப வருவது எது என்பது பரப்பி வைத்தால்தான் கண்ணில் படும்.

இனி, ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியையும் உள்ளங்கையால் மறைத்துவிட்டு ஓரங்களை மட்டும் பாருங்கள். நடுவில் இருப்பது நீங்கள் எடுக்க நினைத்தது. ஓரத்தில் இருப்பது உங்களை அறியாமல் உள்ளே வந்தது. என் படங்களில் முப்பத்தொன்றின் ஓரத்தில் ஒரு லாரி நின்றது. பாத்தியில் உப்பு வாரும் பெண்ணை எடுத்ததாக நான் நினைத்திருந்த படம் ஒன்றில், அவருக்குப் பின்னால் கிளீனர் ஒருவர் மூட்டையில் வலது காலை ஊன்றி, உடல் முழுவதும் பின்னால் சாய, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். படத்தைக் கெடுக்கிறது என்று அவரை வெட்டிவிட்டுத்தான் முன்பு ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தேன். என் தந்தை உப்பு லாரி ஓட்டியவர்; அவருடைய செருப்பின் வார்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். இதை நான் மறந்திருக்கவில்லை, ஆனால் படங்களோடு சேர்த்து ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்து, படக்கோப்பில் பதிவாகியிருக்கும் குவியத்தொலைவைப் பாருங்கள். மில்லிமீட்டரில் குறிக்கப்படும் இந்த எண் பெரிதானால், தூரத்தில் இருப்பதை லென்ஸ் அருகில் இழுத்துக் காட்டுகிறது என்று பொருள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிய நகலில் இந்த விவரம் இருக்காது என்பதால் மூலக்கோப்பே வேண்டும். உப்பு வாரும் பெண்களை 200 மில்லிமீட்டர் லென்ஸில், சாலையோரத்தில் நின்றபடியே எடுத்திருக்கிறேன். லாரிக்காரர்களையோ 35 மில்லிமீட்டரில், கையெட்டும் தூரத்தில். யாருடன் பேசினேன், யாரைத் தூர நின்று பார்த்துவிட்டு வந்தேன் என்பதை அந்த எண்களே சொல்லிவிட்டன. (பறவைகளை எடுப்பவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

பிறகு ஒவ்வொரு படத்துக்கும் எண்ணிட்டு, ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். வழவழப்பான அச்சின் பின்புறத்தில் எழுதினால் மை ஈஷிக்கொள்ளும். படத்தில் இருப்பவர் பெயர் என்ன, படம் எடுக்கும் முன்பு என்ன நடந்தது, பின்பு என்ன பேசினீர்கள் என்பவை போதும். ‘உழைப்பின் வியர்வை’ போன்ற தொடர்களை எழுதத் தோன்றினால், அந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது என்று பொருள். டோரதியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. அவரோ அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அப்பெயர் 1978இல்தான் வெளியில் தெரிந்தது, அந்தப் படத்தின் மீது அவருக்கிருந்த மனக்குறையோடு சேர்த்து. என் நோட்டில் பெண்களின் படங்களுக்கு நேரே ஒரு பெயர்கூட இல்லை. பலரும் பாராட்டிய படங்கள்தாம் என்றாலும் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மீந்தவற்றில் பன்னிரண்டு படங்களை வரிசைப்படுத்துங்கள். ஏதேனும் ஒன்றை உருவிப் பார்த்து, வரிசை அப்படியே நின்றால் அது தேவையில்லாத படம். எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடலாம். வரிசையில் எங்கே இடைவெளி தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை எடுக்க வேண்டியது அதுவே. என்னிடம் மூட்டை ஏற்றுவதும், கயிறு கட்டுவதும், வண்டி கிளம்புவதும் இருந்தன. ஓட்டுநர் அமரும் இடம் மட்டும் ஒன்றில்கூட இல்லை. அடுத்த பங்குனியில் 200 மில்லிமீட்டர் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், ஓர் ஓட்டுநரிடம் பெயரைக் கேட்டுக்கொண்டு, அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்தேன்.