ஃபைன் கட்டியதை ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சாப்பிட்டால், குடித்தால் 500 வெள்ளி, புகைபிடித்தால் 1,000 வெள்ளி என்று பலகை மாட்டியிருக்கிறது. சிங்கப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் ஃபைன் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் அதையே வினைச்சொல்லாக வைத்து ஒரு மேல்முறையீட்டு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் நம்மவர்கள் நிறையப் பேர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

தமிழில் ‘அவருக்கு அபராதம் விதித்தார்கள்’ என்கிறோம் இல்லையா, அந்த ‘க்கு’ மனதிலேயே நின்றுவிடுவதால் ‘தே ஃபைண்ட் டு ஹிம்’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. அந்த ‘டு’ வேண்டவே வேண்டாம். வினையை ஒட்டி ஆள், ஆளை ஒட்டித் தொகை, அப்புறம்தான் ‘ஃபார்’ போட்டுக் காரணம்: ‘தே ஃபைண்ட் ஹிம் த்ரீ ஹண்ட்ரட் டாலர்ஸ் ஃபார் லிட்டரிங்.’ தொகைக்கு முன்னால் ‘ஃபார்’, ‘வித்’ எதுவும் வராது.

கோப்பிக்கடையில் ‘ஐ காட் ஃபைன்’ என்றால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை, ஆனால் கடிதத்தில் ‘ஐ வாஸ் ஃபைண்ட்’ என்றுதான் எழுத வேண்டும். எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். எஃப், ஐ, என், ஈ, டி. நடுவில் அந்த ‘ஈ’ விட்டுப்போனால் ‘கண்டுபிடி’ என்ற வேறு சொல்லாகிவிடும். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினியும் பெரும்பாலும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது.

கார்பார்க்கில் கண்ணாடியில் செருகிய சீட்டை ‘சம்மன்’ என்கிறோம். பேச்சில் சரி. ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் சம்மன்ட்’ என்று எழுதினால், உங்களை வரச்சொல்லி அழைத்தார்கள் என்று அர்த்தம், பணம் கட்டிய கதையே அதில் இல்லை. ‘ஐ வாஸ் சார்ஜ்ட்’ இன்னும் மோசம், உங்கள் மேல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ‘கன்விக்டட்’, அதாவது நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானவர் என்ற சொல்தான். குப்பை போட்டு முதல்முறை பிடிபட்டவரிடம் தேசியச் சுற்றுப்புற வாரியம் வழக்கமாகக் கேட்பது 300 வெள்ளி. அது காம்போசிஷன் தொகை, கட்டியதும் விஷயம் நீதிமன்றம் போகாமலே முடிந்துவிடும். நீதிமன்றம் போய்த் தீர்ப்பாகி, 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்பட்டால் அது வேறு கணக்கு. இது புரியாமல், காம்போசிஷன் மட்டும் கட்டிய ஒருவர் வேலை விண்ணப்பத்தில் ‘ஹேவ் யூ பீன் கன்விக்டட்’ என்ற கேள்விக்கு ‘யெஸ்’ போட்டால், இல்லாத குற்றத் தீர்ப்பை அவரே தன் பெயரில் எழுதிக்கொடுத்தது போலாகிவிடும். ஆனால் கேள்வி வெறும் ‘ஃபைண்ட்’ பற்றியது என்றால் மறைக்காதீர்கள், ‘பெய்ட் எ காம்போசிஷன் ஃபைன்’ என்று உள்ளதை எழுதுங்கள்.