பருந்துக்கும் வல்லூறுக்கும் தப்ப: குஞ்சுகளுக்கு வலைக்கூடம்

நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு முதல் எட்டு வாரம்தான் கண்டம். அரைக்கிலோவை நெருங்கிய கோழியைக் கரும்பருந்து தூக்கிக்கொண்டு பறப்பது அரிது. செலவையும் கவனத்தையும் அந்த எட்டு வாரத்தில் போடுங்கள்.

தூக்குவது யார் என்று முதலில் தெரிய வேண்டும். மேலே வட்டமடித்து, திறந்த வெளியில் பாய்ந்து, குஞ்சைக் காலில் கவ்விக்கொண்டு போனால் பருந்து, தடயமே இருக்காது. வல்லூறு அப்படியல்ல. மரக்கிளையில் மறைந்திருந்து, வேலியை ஒட்டித் தாழப் பறந்து பக்கவாட்டில் நுழையும். அருகிலேயே இறகு பிய்த்துக் கிடந்தால் பெரும்பாலும் அதன் வேலை. ஒரு வாரக் குஞ்சைக் காக்கையும் கொத்திப் போகும். கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் கீரியைச் சந்தேகப்படுங்கள். அதற்கு வலை உதவாது.

முதல் இரண்டு வாரம் தாயும் குஞ்சுகளும் பஞ்சாரத்துக்குள் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் உள்ளேயே வேண்டும். நிழல் நகர நகரப் பஞ்சாரத்தையும் நகர்த்துங்கள். வெயிலில் விட்டால் பருந்தே வேண்டாம், வெயிலே குஞ்சைக் கொன்றுவிடும்.

அடுத்த ஆறு வாரத்துக்கு வலைக்கூடம். இரண்டு மூன்று தாய்க்கோழிகளும் அவற்றின் குஞ்சுகளும் உலவ 20 அடிக்கு 10 அடி இடம் போதும். 9 அடிச் சவுக்குக் கம்பு ஆறு எடுத்து, நீளவாக்கில் பக்கத்துக்கு மூன்றாக, 10 அடி இடைவெளியில் 2 அடி ஆழம் புதையுங்கள். 7 அடி உயரம் நிற்கும். ஆள் குனியாமல் நடக்கலாம். கம்பின் உச்சியில் பழைய டியூப் துண்டைக் கட்டாவிட்டால் காற்றில் உரசி வலை அங்கேதான் முதலில் கிழியும். உச்சிகளைச் சுற்றியும், நடுவே நீளமாக ஒன்று, குறுக்காக ஒன்று என்றும் 12 கேஜ் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுக்கச் சுமார் 100 அடி பிடிக்கும். மூலைக் கம்புகளுக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்த பிறகு இழுங்கள், இல்லையேல் உள்பக்கம் சாய்ந்து வலை தொய்ந்துவிடும்.

வலை வெயில் தாங்கும் ரகமாக இருக்கட்டும். கண் 1 அங்குலம். 2 அங்குலக் கண் பருந்தைத் தடுக்கும், ஆனால் சின்னக் குஞ்சு அதன் வழியே வெளியே போய்விடும். 36 அடிக்கு 26 அடி வாங்கினால் மேலே மூடி, நாலு பக்கமும் தரை வரை இறங்கி, ஓர் அடி தரையில் மடியும். அதன்மேல் கல் வைக்கலாம். பக்கத்தை மூடாமல் மேலே மட்டும் வலை போடுவதுதான் பரவலாக நடக்கும் தவறு, வல்லூறுக்கு அதுவே வாசல். சருகு சேர்ந்தால் வலை தொய்யும், வாரம் ஒருமுறை உதறுங்கள்.

செலவு வேண்டாம் என்பவர்களுக்குக் கொடிப்பந்தல். பீர்க்கனோ அவரையோ அடை வைப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஊன்றிவிட்டால், 21 நாளில் பொரித்த குஞ்சு வெளியே வரும்போது பந்தல் மூடியிருக்கும். இளங்கொடியைக் கோழி சீய்க்காமலிருக்க அடியில் முள் வையுங்கள். பந்தல் பருந்தின் பார்வையை மறைக்கும். வல்லூறை முழுதாகத் தடுக்காது.

சிடி தட்டு, மினுக்கும் நாடா எல்லாம் சில நாள்தான். இடம் மாற்றாமல் தொங்கவிட்டால் பருந்து பழகிவிடும். மீன் செதில், கறிக்கழிவை முற்றத்தில் கொட்டாமலிருப்பது அதைவிடப் பலன் தரும்.

விஷம் வைப்பதும் கண்ணி போடுவதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செத்த பறவையைத் தின்னும் நாயும் சாகும். வலையில் பருந்து சிக்கினால் தடித்த துண்டைத் தலையோடு போர்த்தி, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, வலையை வெட்டி விடுவியுங்கள். காயம் இருந்தால் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தை அன்றே நைலான் நூலால் தைத்துவிடுங்கள்.