ஊரில் வீடு, ஹாஸ்டலில் வாசம்: வாக்காளர் பதிவில் மாணவர்கள் செய்யும் தவறுகள்

"சார், ஓட்டர் ஐடி கையிலயே இருக்கு. இங்க பக்கத்து ஸ்கூல்லயே போய்ப் போட்டுடலாம்ல?" தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த மாணவி ஒருத்தி வாக்குப்பதிவுக்கு நாலு நாள் முன்னால் கேட்ட கேள்வி இது. முடியாதும்மா என்றதும் முகம் வாடிவிட்டது. ரேஷன் கார்டை எந்த ஊர்க் கடையிலும் நீட்டலாம் என்று வந்த பிறகு, ஓட்டும் அப்படித்தான் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் எந்த வாக்குச்சாவடியின் பட்டியலில் பெயர் இருக்கிறதோ, அங்கே மட்டும்தான் ஓட்டு. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்ட ஏற்பாடு செய்தது. எதிர்ப்பு கிளம்ப, அது நடைமுறைக்கு வரவில்லை. தபால் ஓட்டு ராணுவத்தினர், தேர்தல் பணியாளர்கள், 85 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு. வெளியூரில் படிப்பது அதற்குக் காரணமாகாது.

ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது எந்த ஊரில் பெயர் இருக்க வேண்டும் என்பது. இதில் இரண்டு பக்கமும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஹாஸ்டலுக்கு வந்துவிட்டால் ஊர் ஓட்டு போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே ஒருவர் சொந்த ஊர்வாசி இல்லை என்று ஆகிவிடாது என்கிறது. ஆதார் ஊரில் இருப்பதால் ஹாஸ்டல் முகவரியில் பதிய முடியாது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள், அதுவும் சரியல்ல. அங்கீகரிக்கப்பட்ட, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருந்தால், இங்கே படிக்கிறார் என்று முதல்வரோ பதிவாளரோ தரும் போனஃபைட் சான்றிதழை இணைத்து ஹாஸ்டல் முகவரியிலேயே பதியலாம். இந்தச் சலுகை ஹாஸ்டலில் தங்குபவர்களுக்கு. நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு அறை எடுத்திருந்தால் அந்த முகவரிக்கான சான்று தனியாக வேண்டும்: பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், அந்த முகவரியோடு இருக்கும் வங்கிப் பாஸ்புக் போல. வீட்டு உரிமையாளரிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லிப் பாருங்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஊர்ப்பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு, வாக்குப்பதிவு அன்று நிஜமாகவே எங்கே இருப்பீர்கள் என்று யோசியுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19-ல் வாக்களித்தது, பெங்களூரு ஏப்ரல் 26-ல். பெங்களூரில் படிக்கும் மதுரைப் பையனுக்குத் தன் ஊர் வாக்குப்பதிவு நாளில் கல்லூரி லீவு கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ராத்திரி பஸ் ஏறினால் காலையில் ஊர் என்பவர்கள் பெயரை வீட்டு முகவரியிலேயே விட்டு வைக்கலாம் என்பது என் கருத்து. வெளிமாநிலத்தில் ஐந்து வருடம் மருத்துவமோ, முனைவர் பட்டமோ படிப்பவர்கள் ஹாஸ்டலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

மாற்றுவது என்று முடிவெடுத்ததும்தான் பெரிய தவறு நடக்கிறது. ஊரில் ஏற்கனவே பெயர் இருக்கும். கல்லூரி முகாமில் யாரோ படிவம் 6-ஐ நீட்டுவார்கள். பூர்த்தி செய்து கொடுத்துவிடுவார்கள். படிவம் 6 புதிதாகப் பதிபவர்களுக்கு. இடம் மாறுபவர்களுக்குப் படிவம் 8. இதில் அட்டை எண் மாறாது, பழைய இடத்துப் பெயர் நீங்கிவிடும். படிவம் 6-ல் 'வேறெங்கும் என் பெயர் இல்லை' என்று உறுதிமொழி தருகிறீர்கள். இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடுக்கிறது. தெரிந்தே பொய் உறுதிமொழி தந்தால் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும்' என்று அப்பாக்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்த பெயரைத் தளமே தமிழாக்கிக் காட்டும். எழிலரசி எஸிலரசி ஆகிவிடக்கூடும். பார்க்காமல் சமர்ப்பித்துவிட்டுத் திருத்தத்துக்கு அலைகிறார்கள். இனிஷியல் இன்னொரு தொல்லை: குடும்பப் பெயர் கட்டத்தில் ஆதாரில் இருப்பதையே போடுங்கள்.

விண்ணப்ப எண் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., நேரில் விசாரிக்க வருவார். செமஸ்டர் லீவில் ஹாஸ்டல் பூட்டிக் கிடக்கும்போது வந்தால் 'அப்படி யாரும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. வார்டனிடமும் வாசல் காவலரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் விட வேண்டும் என்பதால், உண்மையான கெடு அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். 2024-ல் மார்ச் 16-ல் அறிவிப்பு, மார்ச் 27-ல் தமிழ்நாட்டில் மனுத்தாக்கல் கடைசி நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை நாள் மிஞ்சியது என்று. பதினெட்டு வயதுக் கணக்கும் இப்போது ஜனவரி 1-ஐ மட்டும் வைத்து இல்லை. ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என மொத்தம் நான்கு தகுதி நாட்கள் உண்டு. பதினேழு முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

ஏற்கனவே பெயர் இருக்கிறது என்ற நிம்மதியும் நிலையானதல்ல. 2025 கடைசியில் தொடங்கிய எஸ்.ஐ.ஆர்., அதாவது வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19-ல் வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, இடம்பெயர்ந்தவர்கள் என்று நீக்கப்பட்டவர்களே அதிகம். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்காக வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரே கணக்கெடுப்புப் படிவத்தில் கையெழுத்திடலாம் என்று இருந்தது. அது தெரியாத வீடுகள் எத்தனையோ. voters.eci.gov.in என்ற தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1950-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

படிப்பு முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்கிறவர்கள் டி.சி. வாங்கும் வாரத்திலேயே இன்னொரு படிவம் 8 போட்டுவிடுங்கள். வாக்குப்பதிவு அன்று அட்டை கிடைக்காவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என்று ஏதாவது ஒன்று போதும். வெறும் பூத் சிலிப்பும் கல்லூரி ஐடி கார்டும் செல்லாது.