வேலூர் பக்கம் முதல் மலை: இறங்கும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் பல வெறும் பாறை. காலை பத்து மணியானால் மேலே வெயில், கீழே பாறைச் சூடு. புதிதாக ஏறுபவர் சுருண்டு உட்காருவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, வெயிலேறிய பிறகு இறங்கும்போதுதான். அதனால் ஒன்பது மணிக்கு அடிவாரம் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அது பழகியவர் வேகம். நீங்கள் பாதி கூட்டிக்கொள்ளுங்கள். 3 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 66 நிமிடம், பாதி கூட்டினால் சுமார் 100. இறங்க 80, உச்சியில் ஓய்வு 20. அப்படியானால் 5.40-க்கே கிளம்ப வேண்டும். கையில் டார்ச் இருக்கட்டும். மழை ஓய்ந்த மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வேண்டாம்.

முதலில் வள்ளிமலை. படி குறைவு. அது மூச்சு வாங்காமல் முடிந்தால் அடுத்த வாரம் சோளிங்கர் பெரிய மலை, சுமார் 1,300 படி. கோயில் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது வழக்கம், கல் சூடேறுமுன் முடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சோளிங்கரில் குரங்குகள் கையில் தொங்கும் பையைப் பறிக்கும். தின்பண்டத்தை ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் வையுங்கள்.

படியில் பாதத்தை முழுதாக வையுங்கள். குதிகால் வெளியே தொங்கினால் பாரமெல்லாம் கெண்டைச் சதைக்குப் போய், மறுநாள் கால் மடக்க வராது. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், கூடவே ஒரு லிட்டர் மிச்சம். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்தால் தலை கிறுகிறுக்கும், வயிறு பிரட்டும். ஒரு லிட்டரில் சமமட்டமாக அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை கரைத்து எடுத்துப் போங்கள். கிளம்புமுன் ஒரு சொம்பு நீராகாரம் குடிப்பது அருமையான பழக்கம்.

ஏலகிரி சுவாமிமலை போன்ற காட்டுப் பாதைக்கு ஷூ வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குல இடம் இருக்கட்டும். இறங்குமுன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையேல் கால் முன்னே சரிந்து நகம் கறுத்துவிடும். பருத்திக் காலுறை ஈரம் பிடித்துக் கொப்புளம் போடும். தோல் சுருக்கென்று எரிந்த உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டிப் பெரிய பலனில்லை.

பாறைமேல் சிதறிய சரளைதான் பெரிய ஆபத்து. சிந்திய கேழ்வரகின் மேல் நடப்பதுபோல் வழுக்கும். முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பின்னால் சாய்ந்தால் கால் முன்னே ஓடும். கண் தெரியாத பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள், விரியன் இருக்கலாம்.

பர்வதமலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உச்சிக்கு முன் கடப்பாரைப் படியும் (பாறையில் அடித்து நட்ட இரும்புக் கம்பிகள்) சங்கிலியும் பிடித்து ஏற வேண்டும். பிடி தளராத கையும் நடுங்காத காலும் வந்த பிறகு போகலாம். காட்டு வழி எதற்கும் முன்னதாக வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.