யுஃபோடேபிள் ‘பட்ஜெட்’ மீமின் தடத்தைப் பிடிப்பது எப்படி

வியாசர்பாடி, ராயபுரம், பெரம்பூர் பக்கத்து அனிமே வாட்ஸ்அப் குரூப்களில் நல்ல சண்டைக் காட்சி ஒன்று வந்தால் போதும், ‘அன்லிமிடெட் பட்ஜெட் வொர்க்ஸ்’ மீமை யாராவது போட்டுவிடுவார்கள். யுஃபோடேபிள் என்ற ஜப்பானிய அனிமே ஸ்டுடியோவிடம் காசு கொட்டிக் கிடக்கிறது என்பது அதன் ஜோக். அது வந்த வழியைத் தேட விரும்புகிறவர்களுக்கு இது.

இந்த ஜோக் எந்தத் தேதிக்கு முன்னால் இருந்திருக்கவே முடியாது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஜோக் திரித்திருப்பது ‘அன்லிமிடெட் பிளேட் வொர்க்ஸ்’ என்ற பெயரை. அது 2004-இல் வந்த ஃபேட்/ஸ்டே நைட் என்ற ஜப்பானிய கேமிலேயே உண்டு. அந்தக் கேமை வைத்து வந்த 2006 டிவி தொடரும் 2010 படமும் ஸ்டுடியோ டீன் என்ற வேறொரு நிறுவனம் எடுத்தவை. யுஃபோடேபிள் இந்தக் கதைக்குள் வந்தது 2011 அக்டோபரில், ஃபேட்/ஜீரோ என்ற தொடரோடு. அந்தப் பெயரிலேயே அவர்கள் எடுத்த தொடர் 2014 அக்டோபரில் தொடங்கியது. ஆகவே 2011-க்கு முந்தைய தேதியோடு ஏதாவது சிக்கினால் நம்பாதீர்கள். 2014-ஐச் சுற்றி முதலில் தோண்டுங்கள்.

தேட வேண்டியது வாசகத்தை. படம் ஆளுக்கு ஆள் மாறும், வாசகம் அவ்வளவாக மாறாது. கூகுளில் அதை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, ‘டூல்ஸ்’ போய் தேதி வரம்பு வையுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: கூகுள் காட்டுவது பக்கம் தொடங்கிய தேதியாக இருக்கலாம், வாசகம் அதன் கீழே பல வருஷம் கழித்து எழுதப்பட்டிருக்கலாம். உள்ளே போய் அந்த வரியின் தேதியைப் பார்த்தே ஆக வேண்டும்.

எக்ஸ் தளப் பதிவென்றால் லிங்க்கின் கடைசியில் உள்ள நீண்ட எண்ணே நேரத்தைச் சொல்லிவிடும். அதை 4194304-ஆல் வகுத்து 1288834974657-ஐக் கூட்டுங்கள். கிடைப்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிசெகண்ட், யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். 2010 நவம்பருக்கு முந்தைய பதிவுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. வெறும் ஸ்கிரீன்ஷாட்டில் எண் இருக்காது, அதனால் லிங்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஜப்பான் டிவி ஒளிபரப்பு அட்டவணையில் 24:00 என்றிருந்தால் அது மறுநாள் பிறக்கும் நேரம். நமக்கு அதே நாள் இரவு 8:30. இதைக் கவனிக்காமல், ஒளிபரப்புக்குப் பின்னால் போட்ட பதிவை ‘முன்னாலேயே கணித்துவிட்டார்’ என்று கொண்டாடுகிறவர்கள் நிறைய.

படத்தில் இருப்பது எந்தக் காட்சி என்று தெரிய வேண்டுமா? மேலே உள்ள வெள்ளைப் பட்டையை வெட்டிவிட்டு ட்ரேஸ்.மோ தளத்தில் போடுங்கள். எபிசோடு, நிமிடம் வரை காட்டும். ஒற்றுமை 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலும் தவறான விடை. கண்ணாடிபோல் திருப்பிய படம், ஓரம் வெட்டிய படம் இரண்டுமே அதைக் குழப்பும்.

2019 ஆகஸ்ட் 10 அன்று ஒளிபரப்பான, யுஃபோடேபிளின் இன்னொரு தொடரான டீமன் ஸ்லேயரின் 19-வது எபிசோடைத் தனியாகத் தேடுங்கள். ஃபேட் பார்க்காதவர்களும் யுஃபோடேபிளைத் தெரிந்துகொண்ட இடம் அது. தமிழ் மீம்களுக்கு 2025 செப்டம்பர் 12-ஐச் சுற்றித் தேடலாம். டீமன் ஸ்லேயர் படமான இன்ஃபினிட்டி காசில் தமிழ் டப்போடு தியேட்டருக்கு வந்த நாள். யுஃபோடேபிள், உஃபோடேபிள், யூஃபோடேபுள் என எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

காசிமேடு மீன் ஏலப் படத்தின் மேல் ‘யுஃபோடேபிள் பட்ஜெட் மீட்டிங்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் மூலம் வேறு, ஜோக்கின் மூலம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அனுப்பியவரை ‘உருவாக்கியவர்’ என்று எழுதிவிடாதீர்கள்.

மீம் மறைக்கும் விஷயத்தையும் ஒரு வரி சேர்ப்பது நியாயம். யுஃபோடேபிளின் பளபளப்பு காசால் மட்டும் வந்ததல்ல. வரைதல், 3டி, இவற்றை ஒரே காட்சியாக இணைக்கும் கம்பாஸிட்டிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. ஒளி, புகை, தண்ணீர் எல்லாம் காட்சியோடு ஒட்டி நிற்பதில் யூய்ச்சி தெராவோவின் ஒளிப்பதிவுக் குழுவுக்குப் பெரிய பங்கு. பெயர் தெரியாத அந்த உழைப்பை ‘பட்ஜெட்’ என்று முடித்துவிடுவது வருத்தமாக இருக்கிறது.

கடைசியில் மீம் வந்த வழியைச் சார்ட் பேப்பரில் வரையும்போது, லிங்க்கும் தேதியும் உள்ள இணைப்புக்கு முழுக்கோடு போடுங்கள், ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. முதல் பதிவு என்று எதையும் எழுத வேண்டாம். ‘இதுவரை கிடைத்ததில் பழையது’ என்று எழுதிப் பக்கத்தில் தேடிய தேதியைப் போடுங்கள்.