பக்கம் மாறும்போதெல்லாம் டேபிள் குதிக்கிறதா?

இணையப் பக்கம் ஒன்றில் வாடிக்கையாளர் பட்டியல் டேபிளாக, அதாவது அட்டவணையாக இருக்கிறது. முதல் பக்கத்தில் எல்லாம் சின்னப் பெயர்கள். 'அடுத்து' பொத்தானை அழுத்தினால், இரண்டாம் பக்கத்தில் 45 எழுத்துள்ள மின்னஞ்சல் முகவரி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடனே பெயர் நெடுவரிசை ஒடுங்குகிறது, தொகை வலப்பக்கம் நகர்கிறது. தொகையை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒவ்வொரு பக்கத்திலும் அது எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது.

பிரவுசரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி சிஎஸ்எஸ். அதில் நெடுவரிசை அகலத்தை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் டேபிள்-லேஅவுட் பண்பின் இயல்பு மதிப்பு ஆட்டோ. கட்டங்களில் இருப்பதை அளந்துதான் அது அகலத்தைப் பங்கிடும். தரவு மாறினால் பங்கும் மாறும். இங்கே பலர் தலைப்புக் கட்டத்துக்கு 120 பிக்சல் அகலம் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆட்டோவில் அது வெறும் வேண்டுகோள். உடைக்க முடியாத நீளச் சொல் வந்தால் நெடுவரிசை விரிந்துவிடும். அதிகபட்ச அகலத்தைச் சொல்லும் மேக்ஸ்-விட்த் போட்டுத் தடுக்கலாமா என்றால், டேபிள் கட்டங்களில் அதன் விளைவை சிஎஸ்எஸ் 2.1 வரையறுக்காமலே விட்டிருக்கிறது.

சரி, டேபிள்-லேஅவுட்டை ஃபிக்ஸ்ட் என்று மாற்றிவிடலாம், அப்போது தரவைப் பார்த்து அகலம் மாறாது. அதிலும் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். டேபிளுக்கே அகலம் கொடுக்காவிட்டால் ஃபிக்ஸ்ட் வேலை செய்யாது. 100 சதவீதம் என்றாவது எழுத வேண்டும். அடுத்தது, அகலம் முதல் வரிசையிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த வரிசையில் 'முகவரி' என்ற ஒரே தலைப்பு மூன்று நெடுவரிசைகளுக்கு மேல் விரிந்திருந்தால், அந்த அகலம் மூன்றுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். ஊர்ப் பெயருக்கும் பின்கோடுக்கும் ஒரே இடம்! நெடுவரிசைகளை டேபிளின் தொடக்கத்திலேயே பட்டியலிடும் கோல்குரூப் என்ற குறிச்சொல்லை எழுதி, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அகலத்தை அங்கேயே சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏதாவது ஒன்றை மட்டும் அகலம் சொல்லாமல் விடுங்கள், மிச்ச இடத்தை அது எடுத்துக்கொள்ளும்.

ஃபிக்ஸ்ட் போட்டதும் உடைக்க முடியாத நீளமான தரவு பக்கத்துக் கட்டத்தின் மேல் வழியும். மூன்று புள்ளி வைத்து வெட்டுவது எளிது என்பதால் எல்லா நெடுவரிசைக்கும் அதையே செய்துவிடுகிறார்கள். குறிப்புக்கும் முகவரிக்கும் பரவாயில்லை. 1,25,000 என்ற தொகை '1,25…' என்று தெரிந்தால் அது தவறான தகவல். தொகை, தேதி, பில் எண் ஆகியவற்றுக்குத் தேவையான முழு அகலத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, அப்புறம் மற்றவற்றைக் கவனியுங்கள். தமிழ் இடைமுகம் உண்டு என்றால் தமிழ்த் தலைப்புகளை வைத்தே அளந்து பாருங்கள். ஆங்கிலத்தில் நாலெழுத்து 'டேட்' அடங்கிய இடத்தில் 'பதிவு செய்த தேதி' அடங்காது.

இத்தனையும் செய்த பிறகும் கடைசிப் பக்கத்தில் டேபிள் லேசாக அசையும். பலருக்குக் காரணமே பிடிபடாது. அந்தப் பக்கத்தில் மூன்றே வரிசைகள் என்றால் செங்குத்து ஸ்க்ரோல்பார் மறைகிறது. அது பிடித்திருந்த சுமார் 15 பிக்சல் டேபிளுக்குக் கிடைக்கிறது. சதவீத அகலங்கள் எல்லாம் நகர்கின்றன. மேக்கில் டிராக்பேடோடு வேலை செய்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் அங்கே ஸ்க்ரோல்பார் பொதுவாக உள்ளடக்கத்தின் மேலேயே மிதக்கும். விண்டோஸில் திறக்கும் வாடிக்கையாளர்தான் புகார் சொல்வார். ஸ்க்ரோல்பார்-கட்டர் பண்புக்கு ஸ்டேபிள் என்று கொடுத்தால் அந்த இடம் எப்போதும் ஒதுக்கப்பட்டிருக்கும்.

கீழே நகர்த்தும்போதும் தலைப்பு வரிசை மேலேயே நிற்க வேண்டும் என்று தலைப்பை ஒரு டேபிளாகவும் உடலை இன்னொன்றாகவும் பிரித்து, இரண்டையும் ஜாவாஸ்கிரிப்டால் ஒட்டவைக்கும் பழைய வழியை விட்டுவிடுங்கள். தலைப்பை மேலேயே ஒட்டி நிறுத்தும் பொசிஷன் ஸ்டிக்கி என்ற சிஎஸ்எஸ் வசதி இருக்கும்போது அது வீண் வேலை.

பயனரே இழுத்து அகலத்தை மாற்றலாம் என்று வசதி கொடுத்திருந்தால், சேமிக்கும் விதத்தையும் பாருங்கள். முதல் நெடுவரிசை 80, இரண்டாவது 200 என்று வரிசை எண்ணை வைத்துச் சேமித்தால், அடுத்த வெளியீட்டில் நடுவே 'நிலை' என்று ஒன்றைச் சேர்த்ததுமே பெயரின் அகலம் நிலைக்கும், தொலைபேசியின் அகலம் பெயருக்கும் போய்விடும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மாறாத பெயர் ஒன்று வைத்து அதன் கீழ் சேமியுங்கள்.