மார்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பிரேசிலின் இரண்டு பூங்குருவிகள்

சாவ் பாவ்லோ பக்கம் காட்டோரத்தில் ஒரு பழுப்புப் பூங்குருவி (ஆங்கிலத்தில் திரஷ்) சருகைக் கிளறிக்கொண்டிருந்தால், முதலில் வயிற்றைப் பாருங்கள். ஆரஞ்சு நிறமா? சரி, வேலை முடிந்தது. அது 2002 முதல் பிரேசிலின் தேசியப் பறவையாக இருக்கும் சபியா-லரஞ்செய்ரா. ஆரஞ்சு இல்லையென்றால்தான் தலைவலி. அநேகமாக அது பேல்-பிரெஸ்டட் திரஷ் அல்லது கிரீமி-பெல்லீட் திரஷ். உள்ளூரில் முன்னதைச் சபியா-பஹாங்கு என்றும் பின்னதைச் சபியா-போக்கா என்றும் சொல்கிறார்கள்.

இங்கே பலரும் செய்யும் பெரிய தவறு, தொடர்ந்து மார்பையே உற்றுப் பார்ப்பது. இரண்டுக்கும் அது மங்கலான சாம்பல் பழுப்புதான். சிறு வித்தியாசம் இருந்தாலும் மரநிழலில் கரைந்துவிடும். முகத்துக்குப் போங்கள். போக்காவுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மை தீட்டியதுபோல் கறுப்பு இருக்கும். வெள்ளைத் தொண்டையில் கருங்கோடுகள் அழுத்தமாக ஓடும். பஹாங்குவுக்கு முகத்தில் அந்தக் கறுப்பு கிடையாது, தொண்டைக் கோடுகளும் மெலிசு. ஆனால் அதன் தலை சாம்பல், முதுகும் இறக்கையும் செம்மை கலந்த பழுப்பு. நல்ல வெளிச்சத்தில் இரண்டு நிறமும் பிரிந்து தெரியும். போக்காவின் மேற்புறமோ முழுக்க ஒரே பழுப்பு.

அடுத்தது அலகு. பளிச்சென்ற மஞ்சள் என்றால் போக்கா என்று எழுதிக்கொள்ளலாம். மஞ்சள் இல்லை என்பதற்காகப் பஹாங்கு என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பளிச் மஞ்சள் இனப்பெருக்கக் காலத்து ஆணுக்குத்தான். பெண்ணுக்கும் மற்ற மாத ஆணுக்கும் அலகு மங்கிவிடும்.

பறவை வந்து அமர்ந்ததும் கேமராவைச் சரிசெய்யக் குனிபவர்கள் உண்டு. தவறவிடக் கூடாத நொடி அதுதான். போக்கா அமர்ந்தவுடன் வாலைப் பக்கவாட்டில் படபடவென்று நடுக்கும். என்னைக் கேட்டால், நிறத்தைவிட நம்பகமான அடையாளம் இது.

மார்பில் புள்ளி புள்ளியாக இருந்தால் அது புது இனம் அல்ல, குஞ்சுப் பருவம் தாண்டாத இளம்பறவை. இரண்டு இனத்திலும் அப்படித்தான். பக்கத்தில் தாய் தந்தை வருகிறதா என்று பொறுத்துப் பாருங்கள்.

பாட்டை மட்டும் நம்புவதும் ஆபத்து. இரண்டும் நீளமாக, இனிமையாகப் பாடுபவை. அழைப்பொலியைக் கேளுங்கள். போக்கா சட்டென்று 'பொக்' என்னும், சில நேரம் பூனைபோல் முனகும். பஹாங்குவின் குரல் கரகரப்பானது.